கேளாது கொண்ட தலை

கண்டி மாநகரிலே தலதா மாளிகையின் முன்னே பரந்து கிடக்கும் மகமலுவைத் திடலை அறியாதார் இந்நாட்டில் மிகச் சிலரே. வெண்டுகில் உடுத்து மலர்த்தட்டு ஏந்தி மாளிகையை நோக்கிச் செல்லும் அடியாரும், வாவிக்கரைக் காற்றை நாடி வருவோரும், பாடசாலைச் சிறாரும் நாள்தோறும் அத்திடலைக் கடந்து செல்வர். அங்கே நின்று காணத்தக்க நினைவுச் சின்னங்கள் இரண்டு உள. ஒன்று சிறுவன் ஒருவனின் சிலை. மற்றையது மறவன் ஒருவனின் நினைவுத் தூண். சிறுவன், கொலைக்களத்திலும் கலங்காது நின்றான் என நாட்டு மக்கள் போற்றும் மத்தும பண்டார. மறவன், அச்சிறுவனுக்குத் தாய்மாமனாகிய மொனரவில கெப்பெட்டிபொல.

மாணவரை அவ்விடத்திற்கு அழைத்துச் சென்று, இத்தூணின்கண் அடக்கம் செய்யப்பெற்றிருப்பது கெப்பெட்டிபொல திசாவையின் மண்டையோடு என்று கூறும்போதெல்லாம், அவர்களுள் ஒருவராவது ஒரு வினாவை எழுப்பாதிருப்பதில்லை. தலை மட்டும் ஏன் தனியே இருக்கிறது என்று கேட்பர். கடல் கடந்து சென்று, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அயல்நாட்டில் இருந்து, மீண்டு வந்த தலை இது என்று விடை கூறினால், அத்துடன் அமைவதில்லை. எதற்காகக் கொண்டு போனார்கள் என்று மேலும் கேட்பர். வெற்றிச் சின்னமாகவா, பழி தீர்க்கும் பொருட்டா? இரண்டுமல்ல. மனிதனின் மனத்தை அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்காகக் கொண்டு போனார்கள். இவ்விடை மாணவரை வியப்பில் ஆழ்த்தும். பழிக்காக எடுத்திருந்தால் அவர்களுக்கு எளிதில் விளங்கியிருக்கும். அறிவுக்காக எடுத்தார்கள் என்பதுதான் விளங்குவதில்லை. அதனை விளக்குதற்கு அம்மறவனின் வாழ்க்கையையும், அவன் தலையின் வரலாற்றையும் ஒருங்கே கூறுதல் வேண்டும்.

கெப்பெட்டிபொல, கண்டி அரசில் உயர்பதவி வகித்த மொனரவிலக் குடியிற் பிறந்தவர். அவருடைய உடன்பிறந்தாளை மணந்தவர் எஹெலப்பொல மகா அதிகாரம். அக்காலத்தில் கண்டியை ஆண்டவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்பது அவனது இயற்பெயர். மதுரை நாயக்கர் மரபுடன் உறவுடைய குலத்தவன். இன்று கண்டிக்கு எழில் செய்யும் வாவி அவன் அமைத்ததே. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே எழுந்த ஐயம் பகையாய் முற்றியபோது, எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். அதனாற் சினங்கொண்ட அரசன் 1814ஆம் ஆண்டில் எஹெலப்பொலவின் மனைவியையும் மக்களையும் கொல்வித்தான். மக்கள் வாளுக்கு இரையாயினர். தாய் நீரில் அமிழ்த்தப்பட்டாள். அவ்வன்னை கெப்பெட்டிபொலவின் சகோதரி. அம்மக்கள் அவருடைய மருமக்கள். ஒரே நாளிற் குடும்பம் குலைந்த அத்துயரத்தை அவர் எங்ஙனம் தாங்கினார் என்பதை யாரும் எழுதி வைத்திலர்.

அடுத்த ஆண்டில் ஆங்கிலேயர் கண்டியைக் கைக்கொண்டனர். அரசன் பிடிபட்டுப் பின்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். அங்கேயே 1832இல் மறைந்தான். 1815 மார்ச்சு 2ஆம் நாள் அரண்மனை மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் நிறைவேறிற்று. அதிற் கைச்சாத்திட்ட பிரதானிகளுள் ஊவாத் திசாவையாகிய கெப்பெட்டிபொலவும் ஒருவர். திசாவை என்பவர் ஒரு மாகாணத்தின் வரியும் நீதியும் படையும் தம் கையிற்கொண்டு ஆளும் தலைவர். தம் குடும்பத்தை அழித்த அரசன் நீங்கினான் என்ற ஆறுதலும், சமயத்தையும் வழமையையும் காப்போம் என்று எழுதிய ஒப்பந்தத்தின் மீது கொண்ட நம்பிக்கையும் அவரைக் கைச்சாத்திடச் செய்தன எனக் கருதலாம்.

அந்நம்பிக்கை இரண்டரை ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. பிரதானிகளின் மதிப்புக் குன்றிற்று. சாதாரண ஆங்கிலப் போர்வீரனும் அவர்களைப் பொருட்படுத்தாது நடந்தான். 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. பழைய அரசனின் உறவினனான துரைசாமி என்று தன்னைக் கூறிக்கொண்ட ஒருவன் முடிக்குரியவனாகத் தோன்றினான். மெய்யில் அவன் துறவுக்கோலம் நீத்த வில்பாவே என்பவன். அவ்வாண்டு ஒக்தோபரில் பதுளையிலிருந்து சென்ற வில்சன் என்னும் ஆங்கில அதிகாரி அம்புபட்டு மாண்டார். கிளர்ச்சியை அடக்கிவருமாறு தேசாதிபதி பிரவுன்றிக் கெப்பெட்டிபொலவை அனுப்பினார். அடக்கச் சென்றவர் அடங்காதாரோடு சேர்ந்தார். அங்ஙனம் சேருமுன், அரசாங்கம் தமக்கு அளித்த படைக்கலங்களையும் மருந்தையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பகைவன் கொடுத்த துப்பாக்கியால் அப்பகைவனைச் சுடுதல் தகாது என்று எண்ணிய ஒரு மனத்தை அச்செய்தி நமக்குக் காட்டுகிறது. அம்மனம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேறு வேண்டுவதில்லை.

போர் ஓராண்டு நடந்தது. கண்டி மக்கள் காட்டிலும் மலையிலும் மறைந்து நின்று பொருதனர். ஆங்கிலேயர் சென்னையிலிருந்து துணைப்படை வருவித்தனர், வயல்களை அழித்தனர், வீடுகளை எரித்தனர், கால்நடைகளைக் கொன்றனர். 1818இன் தொடக்கத்தில் தேசாதிபதி கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் எனப் பறைசாற்றினார். அப்பட்டியலிற் கெப்பெட்டிபொலவின் பெயரும் இருந்தது. மடிந்த கண்டி மக்களின் தொகை பதினாயிரத்துக்குக் குறையாது என அந்நாளைய ஆங்கில எழுத்தாளரே மதிப்பிட்டுள்ளனர். அவருட் பலர் வாளால் மாண்டவரல்லர். பசியாலும் நோயாலும் மாண்டவர். அரசுரிமை கோரியவன் போலி என்பதும் வெளிப்பட, கிளர்ச்சி வலுவிழந்தது. 1818 ஒக்தோபர் இறுதியில், வடக்கே நுவரகலாவியப் பகுதியிற் கெப்பெட்டிபொல பிடிபட்டார். கண்டிக்குக் கொண்டுவரப்பட்டு, இராணுவ நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

1818 நவம்பர் 26ஆம் நாள் அவருடைய இறுதி நாள். அந்நாளின் நிகழ்ச்சிகளை நாம் விரிவாக அறிவதற்குக் காரணராயிருந்தவர் ஹென்றி மார்ஷல் என்னும் மருத்துவர். ஸ்கொத்லாந்தில் 1775இற் பிறந்த அவர், 1808 முதல் 1821 வரை இலங்கையில் ஆங்கிலப் படையின் வைத்தியராய் இருந்தவர். பின்னாளில், 1846இல், இலங்கையைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் அந்நாட் காட்சிகள் இடம்பெற்றுள்ளன.

காலையில், தம் வேண்டுகோளின்படி, கெப்பெட்டிபொல தலதா மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவருடன் தண்டனை பெற்ற மடுகல்லே என்னும் பிரதானியும் சென்றார். சோவர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி அங்கு வந்திருந்தார். அவர் பதுளையில் இருந்த காலத்தில் கெப்பெட்டிபொலவின் நண்பர். சன்னிதி வாயிலிலே பிக்குவின் முன் முழந்தாளிட்டு, தாம் வாழ்நாளிற் செய்த தருமங்களைக் கெப்பெட்டிபொல எடுத்துரைத்தார். மறுபிறவியில் இமயமலைச் சாரலிற் பிறக்கவும், முடிவில் நிருவாணம் எய்தவும் வேண்டிக்கொண்டார். மடுகல்லே அச்சத்தால் நிலைகுலைந்து அடைக்கலம் தேடி உள்ளே ஓடினார். அது மனித இயல்பே, இகழ்தற்குரியதன்று. கெப்பெட்டிபொல மட்டும் அமைதி குன்றாது நின்றார். தம் மேலாடையைக் களைந்து மாளிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அது கந்தலாயிருந்தாலும் கொடையின் பயன் அதனாற் குறையாது என்று கூறிக் கொடுத்தார்.

பின்னர்ப் போகம்பரைக்கு உறுதியான நடையுடன் சென்றார். கைகால் முகம் கழுவிக்கொண்டார். கூந்தலை உச்சியில் முடிந்துகொண்டார். ஒரு சிறு புதரின் அருகே தரையில் அமர்ந்தார். ஒரே வீச்சில் முடித்துவிடுமாறு கொலைஞனை வேண்டினார். மடியிலிருந்த சிறிய பிரார்த்தனை ஏட்டை எடுத்துச் சில பகுதிகளை ஓதினார். ஓதி முடித்ததும், பதுளையிற் காட்டிய அன்பிற்கு நன்றியாக அதனைச் சோவர்ஸ் துரையிடம் சேர்ப்பிக்குமாறு அங்கு நின்ற ஓர் அதிகாரியிடம் ஒப்படைத்தார். மீண்டும் மனப்பாடமாக ஓதத் தொடங்கினார். முதல் வீச்சில் உயிர் போகவில்லை; புத்தபிரானின் திருநாமம் ஒன்று அவர் வாயினின்றும் எழுந்தது; இரண்டாம் வீச்சில் உயிர் பிரிந்தது. வெட்டுண்ட தலையை, கண்டி நாட்டு வழமைப்படி, உடலின் மார்பின்மீது வைத்தனர்.

இவ்விடத்தில் வாசகர் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். சாகும் நாளிலும் அம்மனிதர் தம் உடைமைகளை நினைவுகூர்ந்து பகிர்ந்தளித்தார். ஆடையை மாளிகைக்குக் கொடுத்தார்; ஏட்டை நண்பருக்குக் கொடுத்தார். தமக்குரியது யாருக்குச் சேரவேண்டும் என்பதைத் தெளிந்த அறிவுடன் தீர்மானித்தார். இவ்விரு கொடைகளையும் மார்ஷல் தவறாது எழுதிவைத்தார். அவருக்குரிய மூன்றாவது பொருள் ஒன்று எஞ்சியிருந்தது. அது அவருடைய தலை. அதனை அவர் யாருக்கும் கொடுத்திலர். யாரும் அவரிடம் கேட்டதாகவும் செய்தியில்லை. அந்தத் தலை மார்ஷலின் கைக்குச் சென்றது. பின்னர் அவர் அதனை எடின்பரோ நகரிலிருந்த கபால சாத்திர சங்கத்தின் காட்சிச்சாலைக்கு அன்பளிப்பாக அளித்தார். தம்முடையதல்லாத ஒன்றை அன்பளிப்பாக அளித்தார் என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கபால சாத்திரம் என்பது யாது? அக்காலத்தில் ஐரோப்பாவை ஆட்கொண்டிருந்த ஒரு புதுக்கலை அது. பிரான்ஸ் யோசேப் கோல் என்னும் ஜேர்மன் மருத்துவர் வியன்னாவில் இருந்து அதனைத் தோற்றுவித்தார். மனத்தின் உறுப்பு மூளை. மூளையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு குணத்தின் இருப்பிடம். எக்குணம் மிகுமோ அதற்குரிய பகுதி பெருக்கும். அப்பெருக்கத்துக்கேற்ப மண்டையோடு வெளியே புடைக்கும். ஆதலின் ஓட்டின் மேடுபள்ளங்களைத் தடவியும் அளந்தும் ஒருவனின் குணங்களை அறியலாம். இதுவே அவர் கொள்கை. இருபத்தேழு குணங்களுக்கு அவர் மண்டையில் இடம் வகுத்தார். அவர் மாணவர் ஸ்பர்ஸைம் அத்தொகையைப் பெருக்கி, பிரித்தானியாவெங்கும் அக்கலையைப் பரப்பினார். 1820இல் ஜோர்ஜ் கூம் முதலியோர் எடின்பரோவிற் சங்கம் நிறுவினர். வீரம், பக்தி, உறுதி, பேராசை, கொலைவெறி ஆகிய அனைத்தையும் எலும்பிற் படித்தறியலாம் என்று நம்பினர். அதற்கு மண்டையோடுகள் வேண்டும். அரசர், அறிஞர், கள்வர், பித்தர், அயல்நாட்டார் என்று பலதிறத்தாரின் ஓடுகளும் வேண்டும்.

இந்த வேட்கையிலிருந்து மேனாட்டு மேதைகளும் தப்பவில்லை. வியன்னாவில் 1809இல் மறைந்த இசைப்பேரறிஞர் ஹைடனின் தலையை, புதைத்த சில நாட்களுக்குள், இக்கலையில் மயங்கிய சிலர் கல்லறையிலிருந்து களவாடினர். இசைத்திறனின் இருப்பிடத்தை எலும்பிற் காண விரும்பினர். அத்தலை உடலோடு மீண்டும் சேர்ந்தது 1954இலேதான். எடின்பரோவின் உடற்கூற்றியல் வரலாறும் கறைபட்டதே. 1828இல் பேர்க், ஹெயர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை அந்நகரின் உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றனர். அவ்வாசிரியரின் பெயர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்து நூல் எழுதிய றொபேட் நொக்ஸை நாம் அறிவோம். இவர் அவரல்லர், அதே பெயர் பூண்ட பிறிதொருவர். உடல் எங்கிருந்து வந்தது என்று கேளாது வாங்கிய குற்றத்திற்காக மக்கள் அவரைத் தூற்றினர். பேர்க் தூக்கிலிடப்பட்டபின் அவன் தலையையும் கபால சாத்திரிகள் ஆராய்ந்தனர். தாய்நாட்டுக்காகப் போராடிய திசாவையும், பொருளுக்காகக் கொலை செய்த கயவனும் அவர்களுக்கு ஒரே வகைப் பொருளாயினர்.

அக்கலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. பிரான்சிய அறிஞர் புளூரன்ஸ் முதலியோரின் ஆய்வுகள் அதனை ஆட்டங்காணச் செய்தன. மண்டையோட்டின் வெளிப்புறம் உள்ளிருக்கும் மூளையின் வடிவத்தை அவ்வாறே காட்டுவதில்லை. வீரத்திற்கென்றும் பக்திக்கென்றும் தனித்தனி மேடுகள் இல்லை. எனினும் நடுநிலையுடன் ஒன்று கூறவேண்டும். மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு தொழில் உண்டு என்ற கோலின் அடிப்படை எண்ணம் முற்றும் பொய்யன்று. 1861இல் பிரான்சிய மருத்துவர் புறோக்கா, பேச்சுக்குரிய மூளைப்பகுதி ஒன்றைக் கண்டறிந்தார். பொய்க்கலையிலிருந்தும் மெய்க்கலைக்கு ஒரு வழி பிறந்தது.

இங்கேதான் நாம் மிக எளிதில் ஒரு பிழை செய்துவிடுகிறோம். கபால சாத்திரம் பொய். ஆதலால் அத்தலையை எடுத்தது தவறு என்று கூறிவிடுகிறோம். அங்ஙனமாயின், அக்கலை மெய்யாய் இருந்திருந்தால் எடுத்தது சரியாகுமா? கெப்பெட்டிபொலவின் ஓட்டினை அளந்து வீரத்தின் இருப்பிடத்தை அவர்கள் உண்மையிலேயே கண்டிருந்தால், நாம் மகிழ்ந்து நன்றி கூறுவோமா? கூறமாட்டோம். ஆராய்ச்சியின் முடிவு சரியா பிழையா என்பது வேறு. அதற்கான பொருளைப் பெற்ற வழி முறையா முறைகேடா என்பது வேறு. முன்னதை அறிவு தீர்மானிக்கும். பின்னதை அறம் தீர்மானிக்கும்.

மார்ஷலுக்காக வாதிடுவோர் சிலவற்றைக் கூறக்கூடும். தண்டனை பெற்றவனின் உடல் அரசுக்குரியது என்று அக்காலத்துச் சட்டம் எண்ணியது. கொலையாளியின் உடலை அறுத்தாராய 1752ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் ஒன்று வழிவகுத்திருந்தது என்பர். கெப்பெட்டிபொல கொலையாளியல்லர் என்பது ஒருபுறமிருக்க, சட்டம் விடுகின்ற இடமெல்லாம் அறமும் விடுகின்ற இடம் ஆகாது. இறந்தவனுக்கு நோவு உண்டா என்று வேறு சிலர் கேட்பர். உடல் நிலையற்றது என்பதைக் கெப்பெட்டிபொலவைவிட நன்கு உணர்ந்தவர் அன்று அக்களத்தில் இல்லை. ஆனால் இங்கே மதிக்கப்பட வேண்டியது எலும்பன்று, எலும்புக்குரியவரின் விருப்பம். சில கணங்களுக்கு முன்வரை அவர் தெளிந்த அறிவுடன் பேசிக்கொண்டிருந்தார், கொடுப்பதைக் கொடுத்தார். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மறுத்திருப்பார் என்று நமக்குத் தெரியாது, கொடுத்திருக்கவும் கூடும். கேளாமையால், கொடுக்கும் பெருமையும் மறுக்கும் உரிமையும் ஒருங்கே அவரிடமிருந்து பறிபோயின.

உலக நன்மைக்காகத்தானே ஆராய்ந்தனர் என்பது மூன்றாவது வாதம். இவ்வாதத்திற்கு நம் புராணமே விடை கூறும். விருத்திராசுரனை வெல்ல வச்சிராயுதம் வேண்டும். அதற்குத் ததீசி முனிவரின் எலும்பு வேண்டும். தேவருலகு முழுவதும் அழியும் தறுவாய். அந்நிலையிலும் தேவர்கோன் முனிவர்முன் சென்று கேட்டே பெற்றான்; முனிவர் மனமுவந்து உயிர் நீத்துக் கொடுத்தார். நாடிழந்து காட்டிலிருந்த குமணன், தன் தலைக்குத் தம்பி விலை குறித்திருந்த வேளையில், வறுமையோடு வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் வாளை நீட்டித் தலையைக் கொய்துகொள்ளச் சொன்னான். புலவர் வாளைப் பெற்றார், தலையைக் கொய்யவில்லை. கொடுத்தபோதும் எடுக்காத ஒரு பண்பு நமக்கு உண்டு. சிங்கள மக்களும் அத்தனகல்லையிலே வழிப்போக்கன் ஒருவனுக்குத் தலையீந்த சிறிசங்கபோ மன்னனைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வருகின்றனர். தலையைக் கொடுத்தல் இந்நாட்டிலும் தென்னாட்டிலும் உயர்ந்த கொடை. கேளாது கொள்ளப்பட்டதனால் கெப்பெட்டிபொலவின் தலை கொடையாகவில்லை, கொள்ளையாயிற்று.

மார்ஷல் கொடியவரா? அல்லர். இதுவே இவ்வரலாற்றில் நாம் மிகக் கூர்ந்து நோக்கவேண்டிய இடம். படைவீரரின் நோயையும் இறப்பையும் கணக்கிட்டு அவர்களின் நலத்திற்கு உழைத்த பெருமையுடையவர் அவர். கண்டி மக்களின் மனக்குறைகளை மறையாது எழுதியவர். கிளர்ச்சி வென்றிருந்தால் கெப்பெட்டிபொலவை நாட்டுப்பற்றாளர் என்று உலகம் போற்றியிருக்கும், தோற்றமையாலேயே துரோகி என்ற பெயர் வந்தது என்று துணிந்து கூறியவர். அத்தகைய நல்லவரே அத்தலையையும் எடுத்தார். ஒருவர்மீது மதிப்பு வைத்திருந்தும், அவரை ஓர் ஆராய்ச்சிப் பொருளாகவும் கருத முடியும் என்பதற்கு அவரே சான்று. மனிதரை ஆராயும் கலைக்கு எல்லை வேண்டும் என்று நாம் சொல்வது கொடியவரைத் தடுப்பதற்கு மட்டுமன்று, நல்லவரைக் காப்பதற்குமே. நல்லெண்ணம் தனக்கு எல்லை வேண்டியதில்லை என்று எண்ணும்போதுதான் வழுக்கி விழுகிறது.

இன்னுமொன்று. அச்சங்கத்தார் கெப்பெட்டிபொலவின் மனத்தை எலும்பிலே தேடினர். அதே மனத்தை மார்ஷல் தம் ஏட்டிலே எழுதி வைத்திருந்தார்: கந்தலாடையைக் கொடுத்தபோது கூறிய சொல்லும், நண்பருக்கு அனுப்பிய நூலும், நடுங்காத நடையும் அவ்வேட்டில் உள்ளன. அளவுகோல் காணாததைக் கண் கண்டது. மருத்துவர் கொண்டுசென்ற ஓட்டினால் உலகிற்கு விளைந்த பயன் ஒன்றுமில்லை. அவர் எழுதிச்சென்ற சில பக்கங்களாலேயே நாம் இன்று கெப்பெட்டிபொலவை அறிகிறோம்.

கேட்டுப் பெறுதல் என்னும் இவ்வெல்லையை உலகம் வெகு காலம் கழித்தே எழுத்தில் வடித்தது. இரண்டாம் உலகப் போரில் நாசி மருத்துவர் சிறைமுகாம்களில் மனிதர்மீது நடத்திய கொடிய சோதனைகளை விசாரித்த நூரம்பேர்க் நீதிமன்று, 1947இல் பத்து விதிகளை வகுத்தது. ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் மனமுவந்த இசைவு இன்றியமையாதது என்பது அவற்றுள் முதலாவது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனம் அதனை மேலும் விரித்தது. இன்று பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும், மனிதரைப் பற்றிய ஆய்வு தொடங்குமுன் அறநெறிக் குழுவொன்றின் ஒப்புதல் பெறவேண்டும். எடின்பரோவிற்குத் தலை சென்ற கண்டியின் அருகே, மகாவலிக் கரையிலே, அவ்விதி நடைமுறையில் இருப்பது பொருத்தமே. ஓட்டினைத் தடவி மனத்தைத் தேடிய காலம் போயிற்று. உயிருள்ளவரின் மூளை இயங்குவதையே படம்பிடிக்கும் கருவிகள் இன்று வந்துவிட்டன. கருவி நுண்ணிதாகுந்தோறும் கேட்க வேண்டிய கடமையும் பெரிதாகிறது. ஏனெனில், அன்று எடுத்தது வெற்றோடு. இன்று எடுக்கக்கூடியது உள்ளத்தின் செய்தியே.

1948இல் இலங்கை விடுதலை பெற்றபின், கெப்பெட்டிபொலவின் மண்டையோடு தாயகம் மீண்டது. மகமலுவையில் அடக்கம் பெற்றது. துரோகி என்று அவர்மேற் சுமத்திய பெயரை 2016இல் இலங்கை அரசு முறைப்படி நீக்கி, அவரையும் அவருடன் பழிக்கப்பட்டோரையும் தேசிய வீரர் என அறிவித்தது. 2019இல் எடின்பரோப் பல்கலைக்கழகம், ஒரு நூற்றாண்டுக்கு மேல் தன்னிடமிருந்த வேடர் குலத்து மண்டையோடுகள் ஒன்பதை அக்குலத்தின் தலைவரிடம் கையளித்தது. அவையும் கேளாது கொண்டவையே. பெயர் அறியப்பட்ட பிரதானியின் தலை முன்னே வந்தது. பெயர் அறியப்படாத வேடரின் தலைகள் எழுபது ஆண்டளவு பின்னே வந்தன. திருப்பிக் கொடுப்பதிலும் உயர்ந்தோர், எளியோர் என்ற வேறுபாடு இருந்துவிட்டது என்பதை மறக்கலாகாது.

இந்நாட்டு மக்கள் ஆராய்ச்சிக்கும் மருத்துவத்திற்கும் பகைவரல்லர் என்பதையும் ஈற்றிற் கூறவேண்டும். டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்திற்குத் தம் கண்களை மனமுவந்து எழுதிவைத்தோர் எண்ணிறந்தோர். இலங்கையரின் கண்கள் பல நாடுகளில் ஒளியிழந்தோர்க்கு ஒளி தந்துள்ளன. மருத்துவ மாணவர் கற்பதற்குத் தம் உடலையே சாசனம் செய்வோரும் உளர். கேட்டால் கண்ணையும் கொடுக்கும் மக்களிடம், கேளாது தலையை எடுத்ததே தவறு.

எதற்காகத் தலையைக் கொண்டு போனார்கள் என்று கேட்கும் மாணவனுக்கு இவ்வளவையும் கூறியபின், ஒன்றை நினைவூட்டுவது என் வழக்கம். மாளிகை வாயிலைச் சுட்டி, அவ்விடத்திலேதான் ஒருவர் தம் கந்தல் மேலாடையைக் களைந்து கொடுத்தார் என்பேன். நாளை அம்மாணவன் மருத்துவனாகலாம், மனவியல் ஆராய்ச்சியாளனாகலாம். ஒரு மனிதன் முன் கருவியுடன் நிற்கும் வேளையில், அவன் கொடுத்தது எது, நாம் எடுப்பது எது என்று அவன் ஒரு கணம் பிரித்துப் பார்ப்பானாயின், மகமலுவைத் தூணின் கீழுள்ள அத்தலை தன் நெடும்பயணத்தின் பயனைப் பெற்றதாகும்.